இலை பழுக்காவிட்டால் மணி கூடுமா?

பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமையின் அடி இலையைப் பாருங்கள். மஞ்சள் நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும். நோயில்லை, சரக்கு ஏற்றுமதி. இலையின் தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்களில், பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. அந்தப் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து மணிக்குப் போகிறது. பழுப்பதைத் தள்ளிப்போட்டால் இந்த வரத்தும் தள்ளிப்போகும்.

தள்ளிப்போடும் ஹார்மோன் சைட்டோகைனின். அதை உண்டாக்கும் ஐபிடி மரபணு அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கிறது. எப்போதும் இயங்கும் புரமோட்டரின் (மரபணுவை இயக்கும் சுவிட்சின்) கீழ் அதை வைத்தால் செடி புதராகும், வேர் விடாது. 1995-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூஷெங் கானும் ரிச்சர்ட் அமாசினோவும் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் எஸ்ஏஜி12 புரமோட்டரை அதனுடன் இணைத்துப் புகையிலையில் ஏற்றினார்கள். இலை முதுமை தொடங்கினால்தான் அது விழிக்கும்; ஹார்மோன் ஊறி முதுமை நின்றதும் தானே அடங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் மாதிரி. அழகான ஏற்பாடுதான், ஆனால் தழைச்சத்து குறைந்த மண்ணில் அடி இலைகள் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, குருத்து இலைகள் பட்டினி கிடக்கும்.

கோதுமை இதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. 2006-இல் இலை முதுமையை முடுக்கும் என்ஏஎம் (NAM) வகை மரபணுக்களை ஆர்என்ஏ குறுக்கீடு என்ற மரபணு அடக்கும் முறையால் அடக்கியபோது இலை மூன்று வாரத்துக்கும் மேல் பச்சையாக நின்றது. மணியிலோ புரதம், துத்தநாகம், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. நெல்லில் கதை வேறு: முதுமையை முடுக்கும் ஓஎஸ்நாப் மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்த இரண்டு செடி வரிசைகளில் (ஒரே மரபு வழிவந்த செடிகள்) விளைச்சல் 6.3, 10.3 சதவீதம் கூடியதாக 2014-இல் பதிவானது. ஒரு பயிரின் பலனை இன்னொன்றுக்குப் பொருத்திப் பேசுவது வீண்.

மெண்டலின் பச்சைப் பட்டாணியையும் மறக்க வேண்டாம். அங்கே கெட்டுப்போனது பச்சையத்தை உடைக்கும் வழி மட்டுமே. நிறம் தங்கும், ஒளிச்சேர்க்கை என்ற உழைப்பு தங்காது. அதனால் இலையின் பச்சையத்தை அளக்கும் எஸ்பிஏடி மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பூக்கும் நாளில் தாய்த்தூரின் கண்ணாடி இலைக்கு (கதிருக்கு அடுத்துக் கீழே உள்ள கடைசி இலை) அடையாளம் கட்டி, நடுநரம்பைத் தவிர்த்து, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் பச்சையத்தையும் கார்பன் டை ஆக்சைடு உள்வாங்கலையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு, அதே மரபணு மாற்றத்தின் வழித்தோன்றல்களில், புகுத்திய மரபணு வந்து சேராத உடன்பிறப்புச் செடிகளே சரி, ஏனென்றால் திசு வளர்ப்பே சில மாற்றங்களை விட்டுச்செல்லும். பிந்திப் பூத்த செடியும் பச்சையாகத்தான் தெரியும். பூத்த நாள் பொருந்தாத ஒப்பீட்டை ஒதுக்கிவிடுங்கள்.

அறுவடையில் மணியையும் வைக்கோலையும் தனித்தனியே உலர்த்தி எடைபோட்டு, இரண்டிலும் தழைச்சத்தைப் பாருங்கள். வைக்கோலில் அது மிஞ்சி நின்றால், இலை பிடித்து வைத்த சரக்கு மணிக்குப் போய்ச் சேரவில்லை.