படத்தில் அழித்த பிறகும் ஓடிய மோட்டார்

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் நோட்-ரெட் வழியாக இயக்குகிறார். திரையில் பெட்டிகளை இணைத்துக் கருவிகளைத் தானாக இயங்க வைக்கும் மென்பொருள் அது. விடிகாலை நாலு மணிக்கு மோட்டாரைப் போடும் பெட்டியை ஒரு நாள் திரையில் அழித்துவிட்டார், ஆனாலும் மறுநாள் நாலு மணிக்கு மோட்டார் ஓடியிருக்கிறது. அப்பத்தா இது காத்து கருப்பு வேலை என்று சொல்லி, மோட்டார் ரூமில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறாராம்.

கட்ட வேண்டாம். காரணம் திரையின் வலது மேல் மூலையிலேயே இருக்கிறது: திரையில் செய்த மாற்றத்தை ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பும் டிப்ளாய் பட்டன்.

நோட்-ரெட் 2013-ல் ஐபிஎம்மில் நிக் ஓ'லியரியும் டேவ் கான்வே-ஜோன்ஸும் உருவாக்கியது, இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. பெட்டிகளை இழுத்துப் போட்டு ஒயரால் இணைத்தால் வேலை தானாக நடக்கும், இது வரை பலருக்கும் தெரியும். ஆனால் படம் இருப்பது பிரவுசரில், வேலை நடப்பது ராஸ்பெர்ரி பைக்குள். அங்கே படம் கிடையாது, ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அடையாளக் குறி, அதன் வகை, அடுத்து எந்தக் குறிக்குச் செய்தி போக வேண்டும் என்ற விவரம். நாம் வளைத்து வளைத்து இழுக்கும் ஒயர்கூட அங்கே அனுப்பும் பெட்டியின் வரியில் பெறும் பெட்டியின் குறி எழுதியிருப்பதுதான். டிப்ளாய் அழுத்தாத வரை பை தன்னிடமிருக்கும் பழைய பட்டியல்படியே நடக்கும்.

சரி, அழுத்தினால் என்ன ஆகிறது? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். பழைய பட்டியலையும் புதியதையும் நோட்-ரெட் ஒப்பிட்டு எது புதிது, எது மாறியது, எது போனது, எதன் ஒயர் மட்டும் மாறியது என்று பிரித்துக்கொள்கிறது. மாறிய பெட்டிகள் மட்டும் என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஒயர் மட்டும் மாறிய பெட்டி நிற்காமலே புதிய வழியைப் பிடித்துக்கொள்ளும். நீக்கப்பட்ட பெட்டிக்கும் அமைப்பு மாறிய பெட்டிக்கும் மூடச் சொல்லி ஒரு அறிவிப்பு போகும், அதுவும் வீட்டைக் காலி செய்கிறவர் கரண்ட் பில்லைக் கட்டிச் சாவியைக் கொடுப்பது போல, வைத்திருந்த டைமர்களையும் திறந்த இணைப்புகளையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இந்த ஒழுங்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் கழித்து அணைக்கும் வேலையைப் பெரும்பாலும் டிரிக்கர் பெட்டியில் வைப்போம். அது முதலில் 'ஆன்' அனுப்பிவிட்டு, 'ஆஃப்' அனுப்ப ஒரு டைமரோடு காத்திருக்கும். அந்த அரை மணிக்குள் அதை அழித்து டிப்ளாய் செய்தால் டைமர் போய்விடும், 'ஆஃப்' போகவே போகாது. மோட்டாருக்குச் சுவிட்சாக இருக்கும் வைஃபை ரிலேயோ கடைசியாகக் கேட்ட 'ஆன்' நிலையிலேயே நிற்கும். இன்னொன்று: நாம் மாற்றாத வரை டிப்ளாய் முழு முறையில்தான் இருக்கும், அது எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கும். மாட்டுக்கொட்டகை விளக்குக்கான பெட்டியை நீக்கினாலும், மோட்டாருக்காகக் காத்திருந்த டைமர் சேர்ந்தே போய்விடும்!

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் தானாக ஓடும் பம்ப் செட் மாதிரிகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், அதை எப்படிப் பத்திரமாக நிறுத்துவது என்று யாராவது கேட்கிறோமா? ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கேள்விக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்குச் சொல்வது இதுதான். டிப்ளாய் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில், மாறிய பெட்டிகள் மட்டும் என்ற முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாலு மணிக்குத் தொடங்கும் இன்ஜெக்ட் பெட்டியை மட்டும் முதலில் நீக்கி டிப்ளாய் செய்யுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் 'ஆஃப்' போய்ச் சேரும் வரை பொறுங்கள், அப்புறம் மற்றதை நீக்கலாம். நடுவில் இருக்கும் பெட்டியை எடுக்கும்போது கன்ட்ரோலோடு டெலீட் அழுத்தினால் இரண்டு பக்க ஒயர்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் மேலே, தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை ஸ்டார்ட்டரிலேயே மாட்டிவிடுங்கள், அது எந்தப் பட்டியலையும் நம்பி இருக்கக் கூடாது.