நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால்

முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற காரில் பின்சக்கரங்கள் சும்மாதானே உருண்டு வருகின்றன? எஞ்சினிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, விட்டு அவற்றையும் வேலை வாங்கினால் என்ன? கார்ப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்தே தீரும். செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் ஷாஃப்ட்டைப் பொருத்தி முடித்த பிறகு, காரை ஒரு குறுகலான இடத்தில் திருப்பிப் பார்க்கும்போதுதான் வில்லங்கம் தெரியும்.

அந்த வில்லங்கத்தை முழுசாக அனுபவித்தவர்கள் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் இருந்த ஆடி பொறியாளர்கள். 1976-77 குளிர்காலத்தில் பின்லாந்தின் பனியில் அவர்கள் முன்சக்கரக் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ராணுவத்துக்காக உருவான ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற நாலு சக்கர ஓட்ட வண்டியும் கூட வந்திருந்தது. உயரமான, தகர டப்பா மாதிரியான வண்டி. திறன் வெறும் 75 குதிரை. அதைவிடப் பலம் வாய்ந்த கார்கள் பனியில் சக்கரம் சுழன்று தவித்தபோது அது பாட்டுக்கு முந்திப் போனது. சேசிஸ் சோதனையைக் கவனித்துவந்த யோர்க் பென்சிங்கர் இதைப் பார்த்துவிட்டு, தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். ஆடி 80 கார் ஒன்றை எடுத்து, இல்டிஸின் பாகங்களைக் கொண்டு அதை நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினார்கள்.

1978 ஜனவரியில் அந்தக் காரை ஆஸ்திரியாவின் டுராக்கர் ஹோஹே மலைப்பாதைக்குக் கொண்டுபோனார்கள். 23 சதவீத ஏற்றம், மேலே பனி, காரில் கோடைக்கால டயர், சங்கிலியும் கிடையாது. கார் ஏறிவிட்டது.

ஏன் ஏறியது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 சதவீத ஏற்றத்தில் எடையில் ஏறக்குறைய 22 சதவீதம் காரைக் கீழே இழுக்கும். நாலு சக்கரமும் தள்ளினால் முழு எடையும் பிடிமானத்துக்கு உதவும். டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் கெழு (மேலே அழுத்துகிற எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகிறது என்ற எண்) 0.23 இருந்தால் போதும். முன்சக்கரங்கள் மட்டும் இழுத்தால்? சமதளத்தில் 60 சதவீத எடை முன்னால் இருக்கிற கார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்பக்கம் 54 சதவீதம் போலத்தான் மிஞ்சும். இப்போது தேவைப்படுகிற கெழு 0.41. இறுகிய பனியில் கோடை டயருக்கு அவ்வளவு கிடைக்காது. எஞ்சினில் எத்தனை குதிரை இருக்கிறது என்ற பேச்சே இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, பனியில் ஜெயித்தாயிற்று. அப்புறம் அதே காரை ஃபோக்ஸ்வாகன் மேலதிகாரி ஒருவரின் மனைவி வியன்னாவில் கடைவீதிக்கு ஓட்டிப் போனார். பார்க்கிங்கில் திருப்பும்போது கார் துள்ளுகிறது என்று குறை சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரு காரைத் திருப்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தடத்தில் போவதில்லை. பின் ஆக்சிலின் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே உள்ள அச்சின்) நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்றால், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள காரில் முன் ஆக்சிலின் நடுப்புள்ளி சுமார் 5.6 மீட்டர் ஆரத்தில் வளையும். கால் வட்டம் திரும்புவதற்குள் முன்பக்கம் 90 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அதாவது சக்கரம் கிட்டத்தட்ட அரைச் சுற்று அதிகம் சுழல வேண்டும். முன்னும் பின்னும் இறுக்கமாக இணைந்திருந்தால் அந்த அரைச் சுற்றுக்கு வழியில்லை. ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துப் பிழிவது போல ஷாஃப்ட் முறுக்கேறிக்கொண்டே போகும். பனியிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு டயர் லேசாகச் சறுக்கி அந்த முறுக்கைக் கழித்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் டயர் விடாது; முறுக்கு எல்லை மீறியதும் சட்டென்று சறுக்கும், மறுபடி பிடிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது துள்ளல். கியருக்கும் ஜாயின்ட்டுக்கும் அது அடி.

ஆகவே நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும். இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல ஆக்சிலில் ஒன்று இருப்பதுபோல, முன்னுக்கும் பின்னுக்கும் இடையே இன்னொன்று. அதை எங்கே வைப்பது? வழக்கமான வழி, கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது திறனை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிற பல்சக்கரப் பெட்டி. அது கனம், சத்தம், இடத்தையும் அடைக்கும். காருக்குள் ஜீப்பைத் திணித்தது போலாகிவிடும். கியர்பாக்ஸ் வடிவமைப்பில் இருந்த ஃபிரான்ஸ் டெங்லருக்கு வேறொரு யோசனை தோன்றியது. கியர்பாக்ஸிலிருந்து திறன் வெளியே வருகிற ஷாஃப்ட்டையே உள்ளே குடைந்து குழாயாக்கினால் என்ன?

26.3 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் பின் முனையில் இருக்கிற நடு டிஃபரன்ஷியலின் கூட்டைச் சுழற்றும். அங்கே திறன் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, காருக்கு அடியில் பின்னோக்கி ஓடுகிற நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்கு. மறுபாதி அந்தக் குழலுக்கு உள்ளேயே ஓடுகிற இன்னொரு மெல்லிய ஷாஃப்ட் வழியாக, வந்த திசையிலேயே திரும்பி முன் ஆக்சிலுக்கு. தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லை, கூடுதல் எடையும் சொற்பம். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பாகம் இதுதான்.

பின்பக்கம் இன்னும் சுவாரஸ்யம். முன்சக்கரக் காரின் பின் ஆக்சில் என்பது பெரும்பாலும் எடையைத் தாங்குகிற ஒரு குறுக்குச் சட்டம்தான். அதில் ஓட்டத்தைக் கொடுக்க முடியாது. ஆடிக்காரர்கள் ஏற்கெனவே கையில் இருந்த முன்பக்க சஸ்பென்ஷனை எடுத்து அப்படியே திருப்பிப் பின்னால் மாட்டினார்கள். ஸ்டீயரிங் வேலை மட்டும் பின்னால் தேவையில்லை என்பதால் அதை அசையாமல் நிறுத்திவிட்டார்கள். 1980 மார்ச் மாதம் ஜெனீவா கார் கண்காட்சியில் குவாட்ரோ என்ற பெயரில் 200 குதிரைத்திறனோடு வந்தது அந்தக் கார். மறுவருடமே ராலிகளில் ஜெயிக்க ஆரம்பித்தது.

டிஃபரன்ஷியலுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து வீணாகச் சுழன்றால், மற்ற சக்கரங்களுக்குப் போகிற முறுக்குவிசையும் அதே அளவுக்குச் சரிந்துவிடும். அதனால்தான் முதல் குவாட்ரோவில் நடு டிஃபரன்ஷியலையும் பின் டிஃபரன்ஷியலையும் ஓட்டுநர் வேண்டும்போது பூட்டிக்கொள்ள வசதி வைத்தார்கள்.

லாரிக்கும் பிக்கப்புக்கும் இவ்வளவு பாடு இல்லை. எஞ்சின் நீளவாக்கில், தனிச் சேசிஸ், பின்னால் ஏற்கெனவே புரொப்பல்லர் ஷாஃப்ட். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸை நுழைத்து, முன்னால் ஓட்டமுள்ள ஆக்சிலைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1930-களிலேயே ஃபோர்டு லாரிகளை இப்படி மாற்றிக் கொடுத்தது. மினியாபொலிஸின் நாப்கோ 1950-களில் ஷெவர்லே பிக்கப்புகளுக்கு இதை ஒரு கிட்டாகவே விற்றது. 1957-இலிருந்து ஷெவர்லே தன் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தியது. நடு டிஃபரன்ஷியல் கிடையாது. தார்ச் சாலை வந்ததும் லீவரைத் தள்ளி முன் ஆக்சிலைக் கழற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, முன் பின் ஆக்சில்களின் கிரவுன்-பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்கு மாற்றுகிற பல்சக்கர ஜோடி) விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பது. ஒரு சதவீதம் மாறினாலே கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் வித்தியாசம் வந்துவிடும், ஐந்து சக்கரச் சுற்று. டயர் அளவு மாறினாலும் இதே கதி.

இன்றைய சின்னக் கார்கள்தான் கஷ்டம். எஞ்சின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. திறனை 90 பாகை திருப்பிப் பின்னால் அனுப்ப கியர்பாக்ஸின் கூட்டிலேயே இடம் விட்டிருக்க வேண்டும். தரையில் ஷாஃப்ட்டுக்குப் பள்ளம் வேண்டும், பெட்ரோல் டேங்க் நகர வேண்டும். தேவைப்படும்போது மட்டும் பின் ஆக்சிலை இணைக்கிற மின்னணு கிளட்ச்சைப் பின்னால் வைத்தால், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் கம்ப்யூட்டரோடு அது பேச வேண்டும். அதனால் இதைச் செய்கிறவர்கள், அதே மாடலின் நாலு சக்கர ஓட்ட வகையில் விபத்தில் நொறுங்கிய ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் பின்பாதித் தரையையே வெட்டி எடுத்துப் பற்றவைப்பதும் உண்டு. நம் நாட்டில் இதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கும்: தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்பு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஷாஃப்ட்டே இல்லாத வழி ஒன்றும் வந்துவிட்டது. டொயோட்டா 2001-இல் எஸ்டிமா ஹைப்ரிட் வேனின் பின் ஆக்சிலில் தனி மின்மோட்டாரை வைத்தது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே இரும்புத் தொடர்பு இல்லை, மின்கம்பிதான். திருப்பத்தில் முறுக்கேறுவதற்கு எதுவுமே இல்லாததால் நடு டிஃபரன்ஷியலுக்கும் வேலை இல்லை. 2019-இல் அமெரிக்காவில் விற்ற நாலு சக்கர பிரியஸில் அந்தப் பின் மோட்டார் வெறும் 7 குதிரைத்திறன். மணிக்கு 70 கிலோமீட்டரை ஒட்டி அது ஒதுங்கிக்கொள்ளும். பனியில் நிற்கிற காரைக் கிளப்புவதற்கு அது போதும் என்பது டொயோட்டாவின் கணக்கு.