மலைக் காற்றில் பழைய சி.என்.சி. லேத்: தொலைந்த மைக்ரானை எங்கே தேடுவது?

தேயிலை ஃபேக்டரியில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரின் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் 60 மி.மீ., ஃபிட் (எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்ற அளவு) கே6 என்றால், அளவு 60.002-க்கும் 60.021-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்தமே 19 மைக்ரான். பல வருடம் ஓடிய சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடும் கடைசல் மெஷின்) இதற்குள் நிற்காமல் அலைந்தால், பல பட்டறைகளில் உடனே கண்ட்ரோலில் பேக்லாஷ் (திசை மாறும்போது அச்சில் வரும் வெற்று ஆட்டம்) எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள். ஃபனுக் கம்பெனியின் கண்ட்ரோலில் அது 1851-ஆம் பாராமீட்டர். உண்மையில் கடைசியாகத் தொட வேண்டியது அது. தேய்மான ஆட்டம் இடத்துக்கு இடம் மாறும். பாராமீட்டரோ ஓர் அச்சுக்கு ஒரே எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும்.

முதலில் லெவல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில் ஷெட் போட்டிருந்தால், தரையில் பாதி கெட்டி, பாதி நிரப்பிய மண். வடகிழக்கு மழைக்குப் பிறகு நிரப்பிய பக்கம் இறங்கி, லேத்தின் அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொள்ளும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவலை, பெட்டின் மேல் ஓடும் கேரேஜின் மேல் குறுக்காக வைத்து இரு கோடிக்கும் ஓட்டுங்கள். குமிழி நகர்ந்தால் முறுக்கு இருக்கிறது. லெவலிங் போல்ட்டைத் திருத்தி, மறுநாள் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது ஆட்டம். ஜாபின் (கடையும் பொருளின்) விட்டத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் அச்சில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே 5 மைக்ரான் என்பது விட்டத்தில் 10. டூல்களைத் தாங்கும் டரட்டில் மைக்ரான் காட்டும் ஒரு டயல் கேஜை வைத்து, ஹேண்ட்வீலில் ஒரே பக்கமாக 0.1 மி.மீ. நகர்த்துங்கள். பிறகு மைக்ரான் மைக்ரானாகத் திருப்புங்கள். டயல் அசையும் வரை போனது மொத்த ஆட்டம். அது எங்கிருந்து வருகிறது? அச்சை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் முனையிலுள்ள சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஒரு ஸ்டீல் குண்டை ஒட்டி, தட்டை முனை டயலை அதன்மேல் வையுங்கள். திருப்பும்போது ஸ்க்ரூவே நீளவாக்கில் முன்பின் போனால் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. அதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்க்ரூ அசையாமல் சுழன்று, டரட் மட்டும் தாமதமாகக் கிளம்பினால் ஸ்க்ரூவின் மேல் ஓடும் நட்டையும், ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப்பையும் பாருங்கள். வேலை எப்போதும் நடக்கும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்த ஸ்க்ரூவில் நட்டை இறுக்குவது வீண்; நடுவில் சரியாகும், ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவையே மாற்றுவதுதான் வழி.

ஆயில் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பம்ப் அடிக்கும்போது சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு லைன் அடைத்திருந்தாலும் புது ஜிப் சீக்கிரம் தேயும். குளிரில் 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் கெட்டிப்பட்டு இன்னும் மெதுவாகப் போகும்.

மலையில் பெரிய எதிரி வெப்பநிலை. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். குளிர்ந்த காலையில் உராய்வால் ஸ்க்ரூ சீக்கிரம் சூடாகும், கனத்த பெட் பின்தங்கும். 200 மி.மீ. ஸ்க்ரூ 5 டிகிரி முந்திக்கொண்டால் விட்டத்தில் 23 மைக்ரான். அந்த 19 முழுக்கப் போயிற்று. ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டிலோடு இரு அச்சுகளையும் 20–30 நிமிடம் ஓட்டிய பிறகே வெட்டுங்கள். ஜாபும் ஆற வேண்டும்: 20 டிகிரி கூடுதல் சூட்டில் அளந்த 60 மி.மீ. ஷாஃப்ட், ஆறியதும் 14 மைக்ரான் சுருங்கும்.

இத்தனைக்கும் பிறகு, மெஷின் சூடாக இருக்கும்போது மூன்று இடங்களில் ஆட்டத்தை அளந்து, மிகச் சிறிய எண்ணை 1851-இல் கொடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால், திசை மாறும் இடத்தில் ஜாபில் படி விழும்.