காய்ந்த கரைக்கு முதல் தண்ணீர்

2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் பவானியின் உபரி நீர் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே போகிறது. இவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் தண்ணீரையே பார்க்காதவை. குளத்தில் தண்ணீர் வந்தால் ஊரே கூடிப் பொங்கல் வைக்கும். கரையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நெடுங்காலம் காய்ந்து கிடந்த மண்கரை நிரம்பும் நாள், புதிதாகக் கட்டிய அணையை முதல்முறை நிரப்பும் நாளுக்குச் சமம். அமெரிக்காவில் டீட்டன் மண் அணை 1976இல் உடைந்தது அப்படி முதல்முறை நிரப்பும்போதுதான்.

மண்கரை தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே மெல்ல ஊறி, வெளிச்சரிவின் அடியை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். ஊறல் மெதுவாகவும் தெளிவாகவும் இருந்து, கரையடியிலுள்ள கல்லடுக்கு வழியே வெளியேறினால் கவலையில்லை. சரிவின் நடுவில் ஈரம் தெரிந்தாலோ, கோடையிலும் ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேலென்று கோரை வளர்த்தாலோ, ஊறல் தன் பாதையை விட்டு மேலேறிவிட்டது என்று பொருள்.

நெடுநாள் காய்ந்து கிடப்பது இந்தக் கரையை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. களிமண் சுருங்கி வெடிப்பது ஒன்று. கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பை விடக் குறுக்கே, அதாவது நீர்ப்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு ஓடும் வெடிப்பு மோசம். தண்ணீருக்கு அது நேர்வழி. மேலே மண்ணைத் தள்ளி மூடினால் வெடிப்பு மறையும், போகாது. சுண்ணாம்புக் கரைசலை ஊற்றிவிட்டுத் தோண்டினால் வெள்ளைத் தடம் எதுவரை இறங்குகிறதோ அதுவரை வெடிப்பு. அதற்குக் கீழே இன்னும் ஓர் அடி தோண்டி, பக்கங்களைப் படிபோல் வெட்டி, அரையடி கனத்தில் மண் போட்டு ஒவ்வொரு அடுக்காக இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், ஆனால் உள்ளங்கை நனையக் கூடாது. அந்த ஈரம்தான் சரி.

இரண்டாவது, சீமைக்கருவேல மரம். உயிரோடு இருக்கும் வேரை விடச் செத்து மக்கிய வேர் ஆபத்து, அது விட்டுப்போகும் இடம் ஒரு குழாய். அதனால் பெரிய மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவது வேலையைப் பாதியில் நிறுத்தியதுதான். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் வேரையும் எடுத்து, குழியை மேலே சொன்னபடி இறுக்கி நிரப்ப வேண்டும். எலி வளை, கரையான் புற்று, நண்டு வளை எல்லாம் இதே கணக்கில்தான் வரும். மகாராஷ்டிராவில் 2019இல் திவரே அணை உடைந்தபோது பழியை நண்டின் மேல் போட்ட அமைச்சரை ஊரே கேலி செய்தது. கரை கசிகிறது என்று மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

கசிவு மண்ணை அரிக்கத் தொடங்குவது வெளிப்பக்கத்தில். தண்ணீர் வெளியேறும் இடத்தில் முதல் துகள் கழன்று, பின் அதற்குப் பின்னால் உள்ளது கழன்று, பொந்து குளத்தை நோக்கிப் பின்னேறும். குளத்தைத் தொட்டுவிட்டால் பிறகு மணிக்கணக்குதான். பெரும்பாலும் இது மதகை ஒட்டித் தொடங்கும், கட்டுமானத்தின் பக்கவாட்டில் மண்ணைச் சரியாக இறுக்க முடியாததால். ஆகவே கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் அவசரம். பொந்தை வெளியே அடைக்கவே கூடாது. அடைத்தால் அழுத்தம் வேறு இடத்தில் கிளம்பும். பொந்தின் மேலே முதலில் மணல், அதன் மேல் அரை அங்குல ஜல்லி, அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லி என்று போட்டால் தண்ணீர் போகும், மண் நிற்கும். கூடவே மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்கலாம், நாளுக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம்: வேகமாக இறக்கினால் நனைந்த உட்சரிவு சரியும். பொந்தில் கலங்கல் பெருகிக்கொண்டே போனால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கீழே உள்ளவர்களை முதலில் வெளியேற்றிவிட்டு மதகை முழுதாகத் திறக்க வேண்டியதுதான்.

குளம் நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் கலிங்கலில் மணல் மூட்டை வைத்து மட்டத்தை உயர்த்தும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் நீளக் கலிங்கலில் 60 செ.மீ. உயரம் தண்ணீர் பாய்ந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 16 கன மீட்டர் வெளியேறும். 30 செ.மீ. மூட்டை வைத்தால் அதே வெள்ள மட்டத்தில் போவது ஐந்தரை கன மீட்டர். பாதியில்லை, மூன்றில் ஒரு பங்கு. மீதி கரைமேல்தான் ஏற வேண்டும். 1977இல் வேடசந்தூர் அருகே கொடகனாறு அணையில் மின்சாரம் நின்று ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியாமல் போக, வெள்ளம் மண்கரையின் மேலேறியே உடைத்தது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. கொத்தனாரின் டியூப் லெவலை, அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து முழு நீளமும் பார்த்தால் அமுங்கிய இடம் அகப்படும். முதலில் தண்ணீர் தாண்டப்போவது அங்கேதான்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 பொதுவாக 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளைப் பற்றியது. 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு. நம் குளக்கரைகள் அதன் கணக்கில் வராது.

குழாய்த் தண்ணீரில் ஒரு நல்லது உண்டு. காட்டாற்று வெள்ளம் போல அது ஒரே இரவில் வராது. நிறுத்தி நிறுத்தி நிரப்பலாம். மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்திச் சில நாள் வெளிச்சரிவை நடந்து பாருங்கள், பிறகு அடுத்த பங்கு. கசிவை வாய்க்காலில் சேர்த்து, வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்து குளத்து மட்டத்தோடு எழுதி வையுங்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் விநாடிக்குக் கால் லிட்டர். குளத்து மட்டம் ஏறாமலே அந்த அளவு ஏறினால், அடுத்த பங்கைத் திறக்காதீர்கள்.