செயினைத் திணறடிக்கும் நூல்

சாரத்தோடு சைக்கிள் ஓடிய எவருக்கும் இது ஒருநாளாவது நடந்திருக்கும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் எதிர்காற்றில் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். சாரத்தின் கரை செயினுக்கும் பல்லுச்சில்லுக்கும் நடுவே புகுந்துவிடுகிறது. அடுத்த மிதி விழாது. துணி இழுபட்டு, மடிந்து, பற்களுக்கிடையில் இறுகி, சில்லையே பூட்டிவிடும். இறங்கிப் பெடலைப் பின்னுக்குச் சுற்றித்தான் சாரத்தை எடுக்கவேண்டும்.

செயின்சோவால் மரம் அரிபவர்களின் காலைக் காக்கும் காற்சட்டையும் இதே வித்தையைத்தான் செய்கிறது. பலர் நினைப்பதுபோல அது வெட்டுப்படாத கவசம் அல்ல. வெட்டுப்படுவதற்கென்றே தைத்த உடுப்பு.

கவசம் எப்படியிருக்கும் என்று வன்னியில் உள்ளவர்களுக்குத் தெரியும். முகமாலைப் பக்கம் வெயிலில் முழந்தாளிட்டிருந்து கண்ணிவெடி எடுக்கும் பெண்களின் மேலங்கியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கெவ்லார் போன்ற நார்களை நெருக்கமாக நெய்து அடுக்கியிருப்பார்கள். சிதறி வரும் துண்டின் வேகத்தை அந்த நெசவு உள்வாங்கி நிறுத்தும். கெவ்லார், 1965இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற இரசாயனவியலாளர் கண்டறிந்த நார். செயின்சோக் காற்சட்டைகள் சிலவற்றிலும் அதே நார் வருகிறது. ஆனால் அங்கே அதற்கு வேலை வேறு. நெருக்கமாக நிற்கக்கூடாது, இழுத்தவுடன் உருவி வரவேண்டும்.

ஏன் என்பதை ஒரு கணக்கு விளக்கும். நடுத்தர அளவுள்ள ஒரு செயின்சோவின் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு பல்லுள்ள சில்லு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் செயினை இழுக்கும். விநாடிக்கு 150 சுற்று. அப்படியானால் செயின் விநாடிக்கு 20 மீற்றர் ஓடுகிறது, மணிக்கு 72 கிலோமீற்றர். 38 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டும் பல் என்று பார்த்தால், ஒரே விநாடியில் 500க்கு மேற்பட்ட பற்கள் ஓர் இடத்தைக் கடக்கின்றன. காலில் பட்டுவிட்டது என்று மூளை அறிந்து விரல் விசையை விடுவதற்கு ஐந்தில் ஒரு விநாடி போகும். அதற்குள் நூறு பல் கடந்திருக்கும். கத்தி தசையைக் கீறிப் பிரிக்கும்; செயினோ பென்சில் பருமனுக்குத் தசையைத் தோண்டி எடுத்துவிடும், ஒயிலையும் மரத்தூளையும் உள்ளே விட்டுவிடும். தைத்துப் பொருத்துவதற்கு அந்த இடத்தில் தசை இருக்காது. தொடையின் பெரிய நாடி அறுந்தால் அம்புலன்ஸ் வரும்வரை தாங்குவது நிமிடக் கணக்கு.

ஆகவே, ஆள் உணர்ந்து நிறுத்துவதை நம்ப முடியாது. செயின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளவேண்டும். காற்சட்டையின் வெளித்துணிக்கு உள்ளே, தொடையின் முன்பக்கம் முழுவதும், மிக நீளமான பொலியெஸ்ரர், நைலோன், அல்லது கெவ்லார் வகை இழைகளைத் தளர்வாகப் பல அடுக்குகளாய் வைத்திருக்கிறார்கள். பல் வெளித்துணியைக் கிழித்தவுடன் உள்ளிருக்கும் இழைகளைக் கொக்கிபோலக் கொளுவி இழுக்கிறது. தளர்வாக இருப்பதால் இழை அறுபடாமல் பல்லோடு ஓடிவருகிறது. செயின் அதைச் சுமந்துகொண்டு எஞ்சின் பக்கம் போய்ப் பல்லுச்சில்லைச் சுற்றுகிறது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான இழைகள். சில்லு நெரிபட்டு நின்றுவிடும். முல்லைத்தீவுக் கடலில் படகின் வெளியிணைப்பு இயந்திரத்தில் வலை சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் சாரமே போதுமே, சைக்கிளை அது நிறுத்தியதல்லவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சைக்கிள் செயினுக்கு வெட்டும் பல் இல்லை, துணியை அது இழுக்க மட்டுமே செய்யும். செயின்சோ முதலில் அறுக்கும். பருத்திப் பஞ்சின் நார் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் நீளம். முறுக்கி நூலாக்கினாலும் வெட்டுப்பட்ட இடத்தில் அது துண்டு துண்டாகப் பறக்கும், சில்லுவரை போய்ச் சேராது. தடித்த ஜீன்ஸும் அதே பருத்திதான், நெருக்கமான நெசவு வேறு. அது சிராய்ப்புக்கு உதவும், செயினுக்கு அல்ல. மடித்துக்கட்டிய சாரத்தில் முழங்காலும் வெறுமையாக நிற்கிறது.

காயம் அதிகம் படுவது இடது காலில். வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில், இடது கால் ஒரு எட்டு முன்னால். மெசினைப் பிடிக்கும் முறையே அந்தக் காலைச் செயினின் பாதையில் கொண்டுபோய் வைக்கிறது. கொப்பு அறுந்து முடியும் கணத்தில், அதுவரை மரம் தாங்கிய பாரம் சட்டென்று இல்லாமல்போகும். மெசின் ஊசல்போல வீசிக்கொண்டு முழங்காலுக்கு வரும். செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக், பின்னுதைப்புக்காக, அதாவது மெசினின் நுனி மரத்தில் பட்டு ஆளை நோக்கித் துள்ளுவதற்காகச் செய்தது. இந்த அசைவை அது பெரும்பாலும் உணராது.

நம்முடைய மரங்கள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. பாலை மரத்தின் வைரம் தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது. அதை அரிந்தால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய செயினை ஆள் அழுத்துவார். அழுத்தியவர் கை, வெட்டு முடிந்ததும் தன் காலை நோக்கித்தான் போகும். இதோடு போர் விட்டுச்சென்ற ஒன்றும் இருக்கிறது. பழைய மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்து, பட்டை வளர்ந்து மூடிவிட்டது. வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது. செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும், மெசின் துள்ளும். வன்னியில் மரம் அரிபவருக்கு இந்தக் காற்சட்டை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் வாங்குமுன் அதன் எல்லையையும் அறிந்திருக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 11393 என்ற சர்வதேச நியமத்தின்படி இவற்றைச் சோதித்து, செயின் வேகத்தைக்கொண்டு வகுப்புப் பிரிக்கிறார்கள். விநாடிக்கு 16 மீற்றர் என்பது 0ஆம் வகுப்பு, 20 என்பது 1, 24 என்பது 2, 28 என்பது 3. உங்கள் மெசின் அதைவிட வேகமாக ஓடினால் காற்சட்டை நிறுத்தும் என்ற உறுதி இல்லை. பெற்றோல் மெசினில் சில்லு பூட்டினால் கிளச் வழுக்கும், எஞ்சின் நின்றுபோகும். பற்றரியில் ஓடும் மெசின்கள் வேறுமாதிரி. மின்மோட்டர் வேகம் குறையும்போதுதான் கூடிய முறுக்குவிசையைத் தரும். இழைகள் சுற்றிய பின்னும் அது விடாமல் இழுக்கப் பார்க்கும். சத்தம் குறைவு என்பதற்காக அதைச் சாதுவான மெசின் என்று எண்ணிவிடவேண்டாம்.

இழை உருவி வரவேண்டும் என்ற ஒரே விதியை மனதில் வைத்தால் பராமரிப்பு தானாக விளங்கும். பாவித்த எஞ்சின் ஒயிலைச் செயினுக்கு விடுபவர்கள் இங்கே பலர். அது காற்சட்டையில் ஊறினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய சவர்க்காரத்தில் கழுவலாம். குளோரின் வெளிற்றியும் கடும் வெயிலும் கெவ்லார் நாரைப் பலவீனமாக்கும், நிழலில் உலர்த்தவேண்டும். கிழிந்த இடத்தைத் தையல்காரரிடம் கொடுத்து உள்ளடுக்கோடு சேர்த்துத் தைத்தால் எல்லாம் போச்சு. தையல் இழைகளைக் கட்டிப்போடும், கட்டுப்பட்ட இழையைச் செயின் அறுத்துக்கொண்டே போகும்.

வெயிலில் இதைப் போட்டு வேலைசெய்ய முடியாது என்ற முறைப்பாடு நியாயமானது. எங்கள் சித்திரை வெக்கையில் முழுக் காற்சட்டை புழுங்கும். அதற்காகவே முன்பக்கத்தை மட்டும் மூடி, பின்னால் பட்டிகளால் கட்டும் வகை இருக்கிறது. தொடையின் பின்புறம் காற்று வாங்கும். இடுப்பிலிருந்து சப்பாத்தின் மேல் வரை அது மறைக்கவேண்டும், பட்டிகள் தளராமல் இருக்கவேண்டும். தளர்ந்தால் செயின் பட்டவுடன் முழு மறைப்பும் காலைச் சுற்றித் திரும்பி, வெறுங்காலை முன்னுக்குக் கொண்டுவரும். நாட்சம்பளத்துக்கு மரம் அரிபவர் இதைத் தன் கைக்காசில் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. மெசினை வாங்கிக்கொடுக்கும் முதலாளி செயினும் அரமும் வாங்கும்போதே இதையும் வாங்கவேண்டும்.

ஒருநாள் அது தன் வேலையைச் செய்துவிட்டால், எஞ்சினை நிறுத்தி, பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல்லுச்சில்லு முழுவதும் தும்புக் கட்டைபோல இழை சுற்றியிருக்கும். கத்தி நுனியால் கிளறி எடுக்கப் பொறுமை வேண்டும், சிலவேளை கிளச்சையும் கழற்றவேண்டி வரும். மெசின் அதன்பின் வழமைபோல ஓடும். காற்சட்டையில் அந்த இடத்து இழைகள் உருவிப்போய்விட்டன, மேல்துணியை ஒட்டிவைத்து மறுபடி உடுத்தக்கூடாது.