கனி இருக்கக் காய் எதற்கு? சட்டமறுப்பும் 'கீழ்ப்படியாமை'யும்

போன மாதம் திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் மனித உரிமை பற்றிய செயலமர்வு நடந்தது. மொழிபெயர்ப்பு உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு மும்மொழிக் கையேடு கொடுத்தார்கள். நடுப்பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'சிவில் கீழ்ப்படியாமை'. அநீதியான அரசாங்கத்துக்குத் தனிமனிதர் தன் மனச்சாட்சியின்படி எப்படி முகங்கொடுக்கலாம் என்பதுதான் அந்தப் பகுதி.

பின்வரிசையில் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தலைப்பை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது ஆரைச் சொல்லுது? சொல்வழி கேளாத பிள்ளையளையோ?"

நான் விளக்கினேன். அநியாயமான சட்டத்தை ஒளிக்காமல் மீறுவது, அதற்கு வரும் தண்டனையையும் ஏற்றுக்கொள்வது.

"அப்ப எங்கட அப்பா அறுபத்தொண்டில கச்சேரி வாசல்ல போய் இருந்தாரே, அதோ?" கச்சேரி என்றால் இங்கே மாவட்ட அரச அலுவலகம்.

"ஓம் அம்மா, அந்த மாதிரித்தான்."

"அதுக்கு நாங்கள் சத்தியாக்கிரகம் எண்டு சொல்லுவம். அப்பாவைக் கீழ்ப்படியாத மனுசன் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."

சொல்லிவிட்டுக் கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை.

'சிவில் கீழ்ப்படியாமை' என்ற இந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கருத்தரங்கில், வானொலியில், துண்டுப்பிரசுரத்தில். ஒவ்வொரு தடவையும் பொறுத்துக்கொண்டு போனேன். இனிப் பொறுக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதன் மூலமான 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவின் கொன்கோர்ட் ஊரில் இருந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, அடிமைமுறையைக் காக்கிற அரசுக்குத் தன் காசு போகக்கூடாது என்று தலைவரி கட்ட மறுத்தார். 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். யாரோ அவருக்காக வரியைக் கட்டிவிட, அடுத்த நாள் வெளியே விட்டார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849இல் அச்சானது. அப்போது அதன் தலைப்பு 'சிவில் அரசாங்கத்துக்கு எதிர்ப்பு' என்ற பொருளில்தான் இருந்தது. 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்' என்ற தலைப்பு, அவர் 1862இல் இறந்த பிறகு, 1866இல் வந்த தொகுப்பில் ஏறியது. ஆக, நாம் இவ்வளவு சிரமப்பட்டு மொழிபெயர்க்கிற தலைப்பை உயிரோடு இருந்த தோரோ தன் கட்டுரையில் அச்சிட்டுப் பார்க்கவில்லை. அவர் போட்டது 'எதிர்ப்பு'.

சரி, சொல்லுக்குள் போவோம். 'ஒபீடியன்ஸ்' லத்தீனில் இருந்து வந்தது. அதன் வேர் 'கேட்டல்'. ஒருவர் சொல்வதற்குச் செவிகொடுப்பது. தமிழிலும் இதே வழக்கு உண்டு. 'சொல் கேள்', 'சொல்வழி கேளாதவன்' என்கிறோம். பின்வரிசை அம்மாவின் வாயில் வந்ததும் அதுதான். கீழ்ப்படிதல் அப்படிப்பட்டதல்ல. கீழே படிதல். தூசி படிகிறது, வண்டல் படிகிறது, அதுபோல ஒருவர் காலடியில் போய்ப் படிவது. மூலச்சொல்லில் இல்லாத மேலும் கீழும் தமிழில் புகுந்துவிடுகிறது. மறுப்பவரைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போதே, அவர் நிற்க வேண்டிய இடம் கீழே என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இந்தச் சொல்லுக்கு நம் அலுவலகங்களில் ஏற்கெனவே ஒரு வேலையும் இருக்கிறது. ஒழுக்காற்று விசாரணைக் கடிதங்களை மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரியும். மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாமை என்பது ஒரு குற்றச்சாட்டு. வருடாந்தச் சம்பள உயர்வு நிற்கும், இடமாற்றம் வரும். அதே சொல்லை எடுத்து, மனச்சாட்சிக்காகச் சிறை போனவரின் நெற்றியில் ஒட்டுகிறோம். குற்றம் சுமத்துகிறவர் அவரை எப்படி அழைப்பாரோ அப்படியே நாமும் அழைக்கிறோம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. கீழ்ப்படியாமை என்பது ஒன்றைச் செய்யாமல் விட்டதைத்தான் சொல்கிறது. வரி கட்ட மறந்தவரும் கீழ்ப்படியவில்லை, காசில்லாமல் கட்டாதவரும் கீழ்ப்படியவில்லை, கட்டக்கூடாது என்று தீர்மானித்து நாலு பேர் பார்க்க நின்றவரும் கீழ்ப்படியவில்லை. மூன்று பேரும் ஒரே பெட்டிக்குள். மறுப்பு அப்படியில்லை. தெரிந்தவர்தான் மறுக்க முடியும். மறதியில் யாரும் மறுப்பதில்லை. மனச்சாட்சி வேலை செய்கிற இடமே அந்தத் தெரிதல்தான்.

'ஆமை' என்று முடிவதையே நான் குறை சொல்லவில்லை. கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை என்று குறளில் அதிகாரங்களே இருக்கின்றன. ஒத்துழையாமையும் நல்ல சொல். அதில் 'கீழ்' இல்லை. ஒத்து உழைக்கச் சமமான இரண்டு பேர் வேண்டும்.

ஒரு நண்பர், திருச்சபையில் ஊழியம் செய்பவர், எனக்கு நல்ல மறுமொழி ஒன்று சொன்னார். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று அப்போஸ்தலர் அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொல்லவில்லையா, அங்கே அந்தச் சொல் எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது என்றார். உண்மைதான். அங்கே தேவன் மேலே இருக்கிறார், மனிதன் கீழே இருக்கிறான், சொல் பொருந்துகிறது. அரசாங்கத்தை அந்த உயரத்தில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. அந்த அப்போஸ்தலர்களுக்கும் அதே நிலைப்பாடுதான் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை இன்னொரு வசனம் கொண்டுவருகிறேன் என்றார்.

அப்புறம் அந்த 'சிவில்'. திருகோணமலையில் வளர்ந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். 'சிவிலில வந்தவங்கள்' என்றால் சீருடை இல்லாமல் வந்த பொலிஸ், புலனாய்வு. வீட்டுப் படலையில் சிவிலில் இரண்டு பேர் நின்றால் தாய்க்கு வயிறு கலங்கிய ஊர் இது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்து மக்கள் போராட்டத்தின் நெற்றியில் வைத்தால் இங்கே அது என்னவாகக் கேட்கும் என்று கையேடு எழுதியவர்கள் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

'சிவில்' வேண்டாமென்று 'குடிமைக் கீழ்ப்படியாமை' என்று போடுகிறவர்களும் உண்டு. தனித்தமிழ் ஆர்வம் நல்லதுதான், எனக்கும் உண்டு. ஆனால் குறளில் குடிமை என்ற அதிகாரம் நற்குடிப் பிறப்பைப் பற்றியது. குடி என்பதற்கோ ஆளப்படுகிறவன் என்ற பொருளும் பழையது. 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்' என்று சின்ன வயதில் பாடமாக்கியிருப்போம். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, வரமாட்டேன் என்று அப்பர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும். அரசனின் அழைப்பாணையை ஒருவர் நேரே மறுத்ததற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான வரி எனக்குத் தெரியாது. அவர் மறுத்ததே தான் குடி என்பதைத்தான். அந்த மறுப்புக்கு நாம் 'குடி' என்று தொடங்கிக் 'கீழ்' என்று தொடரும் பெயரைக் கட்டுகிறோம்.

இத்தனைக்கும் நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. சட்டமறுப்பு. 1930இல் காந்தி தண்டிக்கு நடந்ததை அடுத்து, ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களோடு நடந்து வேதாரணியத்தில் உப்பு அள்ளினார். அந்த இயக்கத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் சட்டமறுப்பு இயக்கம். வேதாரணியம் எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம்தான். நம் பள்ளிக்கூட வரலாற்றுக் கொப்பிகளிலும் அந்தச் சொல் இருந்தது. காந்தியே ஆங்கிலச் சொல்லில் திருப்திப்படவில்லை. தன் போராட்டத்தின் முழுப்பொருளை அது தரவில்லை என்று 'சிவில் எதிர்ப்பு' என்ற பொருள்படும் தொடருக்கு மாறியதாக 1935இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மூலமொழியிலேயே குறைபட்ட சொல்லுக்கு, எழுத்துக்கு எழுத்து விசுவாசமாக இருந்து என்ன கண்டோம்?

சட்டமறுப்பு என்றால் சட்டமே வேண்டாம் என்பதுபோல் ஒலிக்காதா என்று கேட்பார்கள். மருந்தை மறுத்த நோயாளி வைத்தியத்தையே பொய் என்று சொன்னதாக யாரும் எடுப்பதில்லை. இந்த மருந்து வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். சட்டமறுப்பாளர் வழக்குக்கு வருகிறார், தண்டனையை ஏற்கிறார், ஒளித்து ஓடுவதில்லை. சட்டம் என்ற ஒன்று இருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 'சட்டமீறல்' என்று போடுவது இதனால்தான் பிழை. சிவப்பு வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிளை விட்டவரும் சட்டத்தை மீறுகிறார்.

நம் ஊர் வரலாற்றையே இந்தச் சொற்களால் பிரித்துப் பார்த்தால் எது எங்கே பொருந்தும் என்பது தெரியும். 1953 ஓகஸ்ட் 12 நடந்தது ஹர்த்தால். அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்குக் கடையடைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கடையைப் பூட்டுவது சட்டத்துக்கு விரோதமல்ல. சிங்கள ஸ்ரீ எழுத்து வாகன இலக்கத் தகட்டில் கட்டாயமானபோது தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினார்களே, அது சட்டமறுப்பு. இந்தச் சட்டத்தைத்தான் மறுக்கிறோம், இதோ பார் என்று தகட்டிலேயே எழுதி வைத்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கி மட்டக்களப்பு, திருகோணமலை என்று பரவியது சத்தியாக்கிரகம். ஏப்ரல் 14 அன்று தமிழரசுக் கட்சி தானே முத்திரை அச்சிட்டுத் தபால் சேவை தொடங்கியபோது அது சட்டமறுப்பாகவும் ஆனது. தபால் அரசுக்கு மட்டுமே உரியது என்ற சட்டத்தை, ஒரு சிறு கடதாசித் துண்டை நாக்கில் நனைத்து ஒட்டி மறுத்தார்கள். மூன்றே நாளில், 17ஆம் திகதி, அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தார்கள்.

இந்த வேறுபாடுகள் தெரிந்த தலைமுறைக்குப் 'போராட்டம்' என்று ஒரே சொல் போதுமாக இருக்கவில்லை. இன்றைக்குப் பொலிஸ் அனுமதியோடு ஒரு மணித்தியாலம் பதாகை பிடித்தால் அதுவும் சத்தியாக்கிரகம், ஊரடங்கை உடைத்து வீதிக்கு வந்தால் அதுவும் 'கவனயீர்ப்பு'. 2022 ஏப்ரல் 3, நாடு முழுக்க ஊரடங்கு இருக்க மக்கள் தெருவில் வந்து நின்றார்கள். சட்டமறுப்பு என்ற சொல் கைவசம் இருந்தும் அதை எடுத்து வைத்துப் பேசியவர்கள் குறைவு.

'மனச்சாட்சி' பற்றியும் இரண்டு வார்த்தை. சாட்சி வடசொல். மனச்சான்று என்று எழுதுவோரை மதிக்கிறேன், ஆனால் மனச்சாட்சியை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ட சாட்சி உள்ளேயே இருக்கிறது என்ற எண்ணம் அதில் அப்படியே தெரிகிறது, சந்தைக்கு வருகிற மனிதரும் சொல்கிற சொல் அது. சிக்கல் அதை இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது. படையில் சேர மனச்சாட்சியின் பேரில் மறுப்பவரை 'மனச்சாட்சி எதிர்ப்பாளர்' என்று அந்தக் கையேடு சொல்கிறது. மனச்சாட்சியை எதிர்ப்பவர் என்றுதான் தமிழில் அதற்குப் பொருள். மதுவிலக்கு எதிர்ப்பாளர் மதுவிலக்கை எதிர்ப்பவர் என்றால் இவர் யார்? எதிர்ப்பாளருக்குப் பதில் மறுப்பாளர் போட்டாலும் அதே விபத்துத்தான். 'மனச்சாட்சிவழி மறுப்பாளர்' என்று 'வழி' சேர்த்தால் நேராகிவிடும். இரண்டே எழுத்து.

இந்த விபத்துகள் எங்கே நடக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியதைச் சிங்களத்தில் ஆக்கி, அதைப் பார்த்துத் தமிழ் எழுதச் சொல்கிறார்கள். சிங்களத்தில் 'அகீகரு' என்பதும் சொல்கேளாத பிள்ளைக்குரிய சொல்தான். அது கொப்பியடித்ததுபோல் இங்கே இறங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பக்கத்துக்கு இவ்வளவு, நாளை காலை வேண்டும் என்று சொல்கிறார்கள். அவர் அகராதியில் முதல் வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். நானும் அவசரத்தில் அப்படிச் செய்த நாட்கள் உண்டு. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பிழை விட்டால் ஒரு குடும்பம் அலையும். இப்படிப்பட்ட சொல்லில் பிழை விட்டால், தகப்பன் செய்தது என்னவென்று மகளுக்கே சந்தேகம் வரும்.

செயலமர்வு முடிந்ததும் கையேட்டின் பிழைகளைக் குறித்து நடத்தியவர்களுக்கு அனுப்பினேன். திருத்திய பக்கங்கள் போன கிழமை மின்னஞ்சலில் வந்தன. தலைப்பில் இப்போது 'சிவில் சட்டமறுப்பு' என்று இருக்கிறது. 'மனச்சாட்சி எதிர்ப்பாளர்' அப்படியே நிற்கிறார். 'சிவில்' என்பதை வெட்டி, 'வழி' சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சான பிறகு ஒரு பிரதியை அந்த அம்மாவின் வீட்டில் கொடுக்க வேண்டும்.