உழாத நிலத்துக்கு வாடகை: எந்த மண்ணுக்குக் கிடைக்கும்?

"பயிரே செய்யாத நிலத்துக்கு அமெரிக்க அரசு பணம் தருகிறதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்மைதான். 1985 வேளாண் சட்டத்தில் வந்த கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், சுருக்கமாக சி.ஆர்.பி., அதைத்தான் செய்கிறது: பயிரை நிறுத்தி, மண் அரிக்காமல் புல் வளர்க்க விடும் நிலத்துக்குப் பணம். 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம். அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மானாவாரிக் குத்தகையை ஒட்டி ஏக்கருக்கு ஆண்டு வாடகை. புல் வளர்க்கும் செலவில் பாதி வரை மானியம். ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு.

ஆனால் கேட்ட நிலத்துக்கெல்லாம் கிடைக்காது. தகுதிக்கான முக்கிய வழி, அரிப்புக் குறியீடு 8 அல்லது அதற்கு மேல் இருப்பது. இந்தக் கணக்கு அவ்வளவு அழகானது.

மழை மண்ணைத் தாக்கும் வலிமை, மண் கரைந்துபோகும் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும் சேர்ந்த எண் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். ஓர் ஏக்கர் ஆண்டுக்கு எத்தனை டன் மண்ணை இழந்தாலும் விளைச்சல் குறையாதோ, அந்த அளவால் வகுக்க வேண்டும். அயோவா மாநிலத்தின் மேற்கே, காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் மண் குன்றுகள் உண்டு. அங்கே மழைக்கு 160, மண்ணுக்கு 0.32 என்று வைத்துக்கொள்வோம். 200 அடி நீளம், 8 சதவீதச் சரிவு என்றால் சரிவு எண் ஏறத்தாழ 1.4. பெருக்கினால் 71.7. தாங்கும் அளவான 5 டன்னால் வகுத்தால் 14. தகுதி உண்டு. அதே மண், அதே மழை, சரிவு மட்டும் 2 சதவீதம் என்றால் குறியீடு 2.6தான். கிடைக்காது.

என்ன பயிர் போட்டார், சரிவுக்குக் குறுக்கே உழுதாரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சேர்த்திருந்தால், மண்ணைக் காத்தவருக்கு மதிப்பெண் குறையும், கெடுத்தவருக்குப் பணம் போகும். நிலத்தின் பிறவி பலவீனத்தை மட்டும் அளப்பதே நியாயம்.

இந்த எண்களுக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. சரிவு எண்ணுக்கு 72.6 அடி நீளம், 9 சதவீதச் சரிவு என்பதே ஆதார அளவு. அத்தகைய சோதனைத் திடல்களின் அடியில் தொட்டி வைத்து, ஒவ்வொரு மழைக்கும் வழிந்த சேற்றை அளந்தார்கள். 49 இடங்களில் 10,000க்கும் மேற்பட்ட திடல்-ஆண்டுத் தரவு (ஒரு திடலில் ஓர் ஆண்டு அளந்தது ஒரு திடல்-ஆண்டு) சேர்ந்தது. உடனே பலன் காட்டாத இப்படிப்பட்ட நீண்ட அளவீட்டுக்குத்தான் அரசுகள் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தவறுவது பெரும்பாலும் விதைப்பில். பிக் புளூஸ்டெம், இண்டியன் கிராஸ் போன்ற நாட்டுப் புல் விதைகள் பஞ்சு போல இருக்கும். சாதாரண விதைப்பு இயந்திரத்தில் அடைத்துக்கொள்ளும். கிளறும் கருவி வைத்த பெட்டியுள்ள இயந்திரம் வேண்டும். ஆழம் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம். அதற்குக் கீழே போன விதை மேலே வராது. அதனால் தரை கெட்டியாக இருக்க வேண்டும்: நடந்தால் காலடி அரை அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது.

முதல் ஆண்டு வயல் முழுக்கக் களைதான் தெரியும். திட்டத்தில் அனுமதித்தபடி 6 முதல் 8 அங்குல உயரத்தில் களையை வெட்டி விட்டால் நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். அதற்குக் கீழே வெட்டினால் நாற்றும் போய்விடும். புல் அப்போது வேரைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கும். பயந்து மறுபடி உழுதுவிடுகிறவர்கள் உண்டு. அவசரப்படாமல் களையை விலக்கிக் குனிந்து பார்க்க வேண்டும்: ஒரு சதுர அடிக்கு ஒரு நாற்று தெரிந்தாலே விதைப்பு பிழைத்துவிட்டது.